அந்த வரி எங்கிருந்து வந்தது?

அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். மோட்டார், லிப்ட், ஜெனரேட்டர் எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். அவற்றுக்குக் கையேடு இருக்கிறது. கெட்டுப்போனால் கூப்பிட வேண்டிய போன் நம்பர் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. ஆட்களுக்குத்தான் கையேடு கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மொழி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு கோபம். அத்தனை பேருக்கும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் சொல்ல வேண்டிய நாள் உங்களுக்கும் ஒருநாள் வரும். அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எஸ்தர். இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஏஐக்கு பிராம்ப்ட், அதாவது என்ன வேண்டும் என்று அதனிடம் கேட்கும் குறிப்பு, எழுதுவதைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் கேட்டவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த அம்மாவுக்கும் பிராம்ப்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற சிரிப்பு அது. நியாயம்தான். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் இருட்டோடு எழுந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்தவள்தான். ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, பிறகு குடியிருப்புப் பராமரிப்புக்கு மாறி, பொம்மனஹள்ளியில் வீடு பார்த்துக் குடியேறினேன். கம்ப்யூட்டரைத் தொடவே பயந்த காலம் உண்டு.

இப்படிப்பட்ட எழுத்தில் ஒரு குரு வர வேண்டும் என்பது வழக்கம். நரைத்த தலை, கண்டிப்பான பார்வை, அளந்து பேசுகிற வாய். என் குருவுக்கு என் மகள் வயது. வாயை அளந்தெல்லாம் பேசத் தெரியாது. சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். சந்தை நடுவில் வளர்ந்த பெண்ணுக்குக் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் பவித்ரா. எனக்கு உதவியாளராக வந்து சேர்ந்தாள்.

அவள் வந்த சமயத்தில்தான் ஏஐ கருவியும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். எனக்குத் தமிழ் நன்றாக வரும், கன்னடம் தாராளமாக வரும், ஆங்கிலம் அளவோடு வரும். ஆனால் நோட்டீஸ் எழுத வேண்டும் என்றால் மூன்றும் சேர்ந்து என்னைக் கைவிட்டுவிடும். இனிமேல் அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தேன்.

முதன்முதலில் நான் கேட்டு வாங்கியது நாய் நோட்டீஸ். யாரோ ஒருவர் வீட்டு நாய் லிப்டுக்குள் அசிங்கம் செய்துவிட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து, "ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க எஸ்தர்" என்றார். நானும் அப்படியே, நாய் வளர்ப்பவர்களுக்கு ஸ்ட்ராங்காக ஒரு நோட்டீஸ் என்று அடித்தேன். வந்தது பாருங்கள் ஒரு நோட்டீஸ், கோர்ட்டிலிருந்து வந்த மாதிரி. விதியை மீறினால் அபராதம், மறுபடியும் மீறினால் லிப்டில் ஏறத் தடை. அப்படி ஒரு அபராதத்தை யாரும் முடிவு செய்யவே இல்லை. அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டது, நாங்களும் எங்கள் பாட்டுக்கு ஒட்டிவிட்டோம். நாய் வைத்திருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். நாய் இல்லாதவர்கள் அபராதத்தை எப்போது வாங்குவீர்கள் என்று தினமும் வந்து நின்றார்கள். நாய்கள் மட்டும் எப்போதும்போல வாலை ஆட்டிக்கொண்டு லிப்டில் போய் வந்தன. எல்லோரிடமும் சமாதானம் பேசி, சிரித்து, அந்த விஷயத்தை மறந்தோம். மறந்திருக்கக் கூடாது என்பது அடுத்த கோடையில் தெரிந்தது.

பெங்களூர்க் கோடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல் கையை விரித்துவிடும், டேங்கர் லாரி வந்தால்தான் குளியல். அந்த லாரித் தண்ணீர் ஒருநாள் மண் வாசனை அடிக்கும், ஒருநாள் ரப்பர் குழாய் வாசனை அடிக்கும். அதற்கு நாங்கள் எல்லோரும் பழகிப்போயிருந்தோம். அந்தப் பழக்கம்தான் எங்களை அன்றைக்கு ஏமாற்றப் பார்த்தது.

பள்ளி வேன்கள் எல்லாம் கிளம்பிப் போன நேரம். பி பிளாக்கிலிருந்து முதல் போன் வந்தது. ஏழாவது மாடி அனிதா. பிரசவமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தையல் போட்ட இடத்தைக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குழந்தையை ஆயாவிடம் விட்டுப் போக வேண்டும். தாய்ப்பால் போதாமல் குழந்தைக்குப் பால்பவுடரும் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், தண்ணி ஒரு மாதிரி வாசனை வருது. பாப்பாவுக்குப் பால் கலக்கலாமா?" என்று கேட்டார்.

"பாத்துட்டுச் சொல்றேன் மா, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

போனை வைப்பதற்குள் அடுத்த போன், அதற்கடுத்தது. எல்லாம் பி பிளாக். பிளம்பர் மஞ்சுநாத் அங்கேயே நின்றிருந்தார். "டேங்கர் நீருதான் மேடம். சொல்ப நேரம் திறந்து விட்டா சரியாயிடும்" என்றார், கன்னடம் கலந்த தமிழில். தினமும் கேட்கிற பதில்தான், எனக்கும் அதுதான் தோன்றியது. அதற்குள் தலைவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவருக்கும் போன்மேல் போன் வந்திருக்கிறது.

"எஸ்தர், ரெண்டு நிமிஷத்துல நோட்டீஸ் போகணும். பேனிக் ஆகாத மாதிரி, டீசென்ட்டா இருக்கட்டும்."

பவித்ரா உட்கார்ந்து அடித்தாள். பி பிளாக்கில் தண்ணீரில் வாசனை வருகிறது, குடியிருப்போர் பதறாதபடி மரியாதையாக ஒரு நோட்டீஸ் வேண்டும் என்பதுதான் அவள் எழுதியது. தலைவர் சொன்னதை அப்படியே எழுதினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் நோட்டீஸ் திரையில் நின்றது. நான் சொல்கிறேன், அவ்வளவு அழகான நோட்டீஸை நான் என் சர்வீசில் எழுதியதில்லை. மதிப்புக்குரிய குடியிருப்போரே என்று தொடங்கி, வருத்தம் தெரிவித்து, நடவடிக்கை எடுத்து வருவதாக உறுதி கூறி, நடுவில் ஒரு வரி: முன்னெச்சரிக்கையாகத் தண்ணீரை நன்கு கொதிக்க வைத்துப் பயன்படுத்தவும்.

தலைவர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சூப்பர், அனுப்புங்க" என்றார். கையிலிருந்த போனால் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பவித்ரா அனுப்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, தட்ட வேண்டியதுதானே?" என்றேன்.

"மேடம், கொதிக்க வைக்கச் சொல்லி நாம சொல்லவே இல்லையே. இந்த வரி எங்கேருந்து வந்துச்சு?"

எனக்கு எரிச்சல் வந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை, உங்களுக்கும் வரும். மேஜையில் இரண்டு போன் அடித்துக்கொண்டிருக்கிறது, வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள், இந்தப் பெண் ஒரு வரிக்குப் பூர்வீகம் விசாரிக்கிறாள். "தண்ணி கெட்டுப்போனா கொதிக்க வைக்கத்தான் சொல்லுவாங்க. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றேன்.

"அது சரி மேடம். ஆனா என்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாதே. தெரியாம இருக்கறப்ப அது மட்டும் எப்படித் தெரிஞ்சு சொல்லுது? நாம காலியா விட்ட இடத்த அது பூர்த்தி பண்ணிருக்கு. நாய் நோட்டீஸ்ல பண்ணுச்சே, அந்த மாதிரி."

நாய் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அபராதம் என்று தானாக எழுதிய கருவிதானே இது. கேட்டவர் சொல்லாமல் விட்டதை, வழக்கமாக என்ன இருக்குமோ அதைக் கொண்டு நிரப்பிவிடும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விருந்தாளிக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்காமல் காபியில் இரண்டு கரண்டி போடுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. பெரும்பாலும் தவறாகப் போவதில்லை. போகிற நாளில்தான் ஆபத்து.

"மஞ்சு, வாங்க" என்று பிளம்பரைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

பி பிளாக்குக்குத் தண்ணீர் ஏறும் நிலத்தொட்டி அங்கேதான். அதற்குச் சற்றுத் தள்ளி ஜெனரேட்டர். முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் அது ஓடியிருந்தது. காலையில் ஆள் வந்து டீசல் நிரப்பிவிட்டுப் போயிருந்தார். மஞ்சுநாத் தொட்டியின் மூடியைத் தூக்கினார். எனக்குக் குனிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. நாற்றம் முகத்தில் அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் பல நிறத்தில் மினுமினுத்தது. நிரப்பும்போது சிந்தியது தரையோடு ஓடி, மூடியின் விரிசல் வழியாகத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது.

மஞ்சுநாத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, டீசல் மேடம். இத கொதிக்க வெச்சா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அடுப்பில் வைத்தால் அதன் ஆவி என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கொதிக்க வைத்தாலும் டீசல் எங்கேயும் போய்விடாது. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். மாடித் தொட்டியிலிருந்து பி பிளாக்குக்கு இறங்கும் வால்வை மூட ஆளை மேலே அனுப்பினேன். ஆனால் குழாய்களுக்குள் ஏற்கெனவே நிற்கிற தண்ணீரை எந்த வால்வாலும் திரும்ப எடுக்க முடியாது.

மூச்சு வாங்க அலுவலகத்துக்கு வந்து, "பவித்ரா, டீசல். சீக்கிரம் அடி, தண்ணிய யாரும் தொடக்கூடாதுன்னு போடு" என்று கத்தினேன்.

அப்போதும் அவள் அடிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் அவளை ஒரு அறை விடலாம் போல இருந்தது எனக்கு.

"ஒரு நிமிஷம் மேடம். இப்ப வீட்டுல யாரு இருக்காங்க?"

"என்ன கேள்வி இது?"

"நாம நோட்டீஸ வாட்ஸ்அப் குழுவுல போடறோம். குழுவுல இருக்கறவங்க எல்லாம் ஓனருங்க. பாதிப் பேர் இந்நேரம் ஆபீஸ் பஸ்ல இருப்பாங்க. குழாயத் திறக்கறது யாரு? சமையல்காரங்க, ஆயாங்க, பெரியவங்க. அவங்க யாரும் குழுவுல இல்ல."

இத்தனை வருடம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். படிக்கிறவரைப் பற்றி யோசித்திருக்கிறேன், அவர் கோபிப்பாரா, மேலிடத்தில் புகார் சொல்வாரா என்று. குழாயைத் திறக்கிற கையைப் பற்றி யோசித்ததில்லை. அந்தக் கை என்றதும்தான் எனக்கு ஏழாவது மாடி ஞாபகம் வந்தது. அனிதாவுக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

அதே நேரத்தில் தலைவர் உள்ளே வந்தார். டீசல் என்று சொன்னதும் கையிலிருந்த போனைப் பார்த்தார். "அந்த மெசேஜ் போட்டோவ நான் சில பேருக்கு அனுப்பிட்டேனே" என்றார். "ஏழாவது மாடி பொண்ணு ரெண்டு வாட்டி போன் பண்ணிடுச்சு. அதுக்கும் அனுப்பினேன். தேங்க்ஸ் அங்கிள், கொதிக்க வச்சே கலக்கச் சொல்லிட்டேன்னு பதில்கூடப் போட்டுது."

அந்த வீட்டு இன்டர்காமை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அனிதாவின் போனுக்கு அடித்தேன். டாக்டர் அறைக்குள் போயிருப்பார் போல, அவரும் எடுக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா ராணியை எனக்குத் தெரியும். தங்கவயல்காரி. ஒரு காலத்தில் ஒரே ரயில் பெட்டியில் வந்தவர்கள் நாங்கள். அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன், அந்த நம்பர் என்னிடம் இல்லை.

"நான் மேல போறேன்" என்று ஓடினேன். பவித்ரா அசையவில்லை. நான் போகிறபோது அவள் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. யாரு கேக்கறாங்க, கையில என்ன வேலையா இருக்காங்க, என்ன செய்யக்கூடாது.

லிப்ட் வாசலில் கூட்டம். விஷயம் என்னவென்று கேட்க இறங்கி வந்தவர்கள் எல்லாம் அங்கே நின்றிருந்தார்கள். ஒரு லிப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டது. படிக்கட்டைப் பிடித்தேன். என் முழங்காலைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், படியேறச் சொன்னால் லீவு போடுவேன். அன்றைக்கு ஏறினேன். நாலாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், கால் நகர மறுத்துவிட்டது. கர்த்தரே, அந்தப் பாப்பா அழுது ராணி அவசரப்பட்டுவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒவ்வொரு மாடியிலும் தீ எச்சரிக்கைக்காக வைத்திருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பவித்ராவின் குரல், தமிழில்.

"பி பிளாக்ல இருக்கறவங்க கவனிங்க. குழாய்த் தண்ணிய வாயில வைக்காதீங்க. கொதிக்க வச்ச தண்ணியும் வேணாம். குழந்தைக்குப் பால் கலந்திருந்தா உடனே கொட்டிடுங்க. அடுப்புல தண்ணி இருந்தா அடுப்ப அணைங்க, ஜன்னலத் திறங்க. தண்ணில டீசல் கலந்திருக்கு. நல்ல தண்ணி உங்க வீட்டு வாசலுக்கே வரும்."

இரண்டு தடவை சொன்னாள். பிறகு அதையே கன்னடத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு செக்யூரிட்டி ஒருவரின் குரலில் இந்தியில் வந்தது. எல்லாம் சேர்த்துக் கொஞ்ச நேரம்தான். நான் ஐந்தாவது மாடியைக்கூட எட்டியிருக்கவில்லை.

ஏழாவது மாடிக்கு நான் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ராணி தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தாள். பால்புட்டி பாத்திரம் கழுவும் தொட்டியில் தலைகீழாகக் கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

"கொட்டிட்டேன் மா" என்றாள் ராணி. "இன்டர்காம் அடிச்சப்ப கையில பாப்பா, எடுக்க முடியல. வாயில வைக்கப் போனேன். காம்பு ஒதட்டுல படுது, அதுக்குள்ள மைக்குல சொல்லிட்டாங்க. கொதிக்க வச்சதும் வேணாம்னு சொன்னாங்களா, அப்படியே கொட்டிட்டேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழுந்தடித்து ஓடியவள் நான். அலுவலகத்தில் நின்று யோசித்தவள் எனக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பவித்ரா தண்ணீர் கேனோடு வந்தாள். தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், வேர்த்துக் கொட்டியது. ராணி புட்டியைக் கேன் தண்ணீரில் கழுவி, புதிதாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்துப் பால் கலக்கினாள். குழந்தை சப்பிச் சப்பிக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நான் பவித்ராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த எழுத்தே அதற்காகத்தான். அந்த அறிவிப்பையும் அவள் அதே கருவியிடம்தான் எழுதி வாங்கினாள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கன்னடத்தையும் இந்தியையும் அவ்வளவு சுத்தமாக அந்த நேரத்தில் எங்களில் யாரும் எழுதியிருக்க முடியாது. அந்த உதவிக்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் இந்தத் தடவை கேட்ட விதம் வேறு. கீபோர்டில் விரல் வைப்பதற்கு முன்பே அவளுக்கு மனசில் எல்லாம் தெளிவாக இருந்திருக்கிறது. கேட்கப் போகிறவர் வீட்டில் தனியாக இருக்கிறார், கையில் குழந்தை இருக்கலாம், படிக்க நேரமில்லை, காதால்தான் கேட்பார். அதனால் வணக்கமும் வருத்தமும் வேண்டாம், செய்யக் கூடாததுதான் முதலில் வர வேண்டும். கொதிக்க வைக்கச் சொல்லி ஒரு தப்பான செய்தி ஏற்கெனவே போயிருக்கிறது, அதை இது நேராக மறுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது டீசல் என்பது மட்டும்தான், அதற்கு மேல் எதையும் சேர்க்கக் கூடாது. இதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அப்படியும் வந்ததை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்து, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று தானாகச் சேர்ந்திருந்த ஒரு வரியை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொட்டிருக்கிறாள்.

"எதுக்குத் தமிழ்ல மொதல்ல சொன்ன? எப்பவும் கன்னடம்தானே மொதல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க ராணி ராணின்னு சொல்லிக்கிட்டே ஓடினீங்களே மேடம்" என்றாள்.

அப்படிச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியையும் குழாய்களையும் கழுவி முடிக்க நாட்கள் ஆயின. வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் கொடுத்தோம், திட்டும் வாங்கினோம். தலைவர் நல்ல மனிதர். சங்கக் கூட்டத்தில் எழுந்து, அவசரப்பட்டு போட்டோ அனுப்பியது தான்தான் என்று அவராகவே சொன்னார். அனிதா திரும்பி வந்து, குழந்தை மருத்துவரிடம் விசாரித்திருக்கிறார். பச்சைக் குழந்தைக்கு அதில் கொஞ்சம் புரையேறி நுரையீரலுக்குள் போயிருந்தாலே பெரிய ஆபத்து என்றாராம். அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைப் பவித்ராவிடம் திருப்பி விட்டேன். அந்தக் குழந்தை இப்போது மூன்று சக்கர சைக்கிளை ஓட்டிக்கொண்டு பி பிளாக் செக்யூரிட்டிகளின் காலை இடிக்கிறான். அவன்மேல் வாரத்துக்கு ஒரு புகாராவது வரும். தயவுசெய்து அதற்கெல்லாம் ஸ்ட்ராங்காக நோட்டீஸ் போட்டுவிடாதீர்கள்.

பவித்ரா இப்போது நான் இருந்த நாற்காலியில் இருக்கிறாள். உங்களில் சிலர் அவளுக்குக் கீழேதான் வேலை பார்க்கப் போகிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள். அவள் உங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விடாமல் கேள்வி கேட்பாள். நீங்கள் வாசலில் நிற்கிற கூட்டத்தைக் காட்டினாலும் விட மாட்டாள். யாருக்குச் சொல்கிறோம், அவர் என்ன செய்ய வேண்டும், நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது, தெரியாதது எது. கூட்டம் நிற்கட்டும். அந்த ஒரு நிமிஷம் வீணாகப் போவதில்லை என்பதற்கு நான் சாட்சி. எத்தனையோ பேரிடம் வேலை கற்றிருக்கிறேன், எல்லோருக்கும் கடன்பட்டவள்தான். ஆனால் தினமும் ஜெபத்தில் பெயர் சொல்லி நன்றி சொல்வது இந்தப் பெண்ணுக்குத்தான்.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்குக் குழந்தை பால் குடித்துத் தூங்கிய பிறகு, ராணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சுரங்கத்துக்காரர் வீட்டில் பிறந்தவள் அவள், காற்றில் எது கலந்தாலும் முதலில் மோப்பம் பிடிக்கிற வீடுகள் எங்களுடையவை.

"ஏன் ராணி, தண்ணில நாத்தம் வரலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"வந்துச்சு மா. மொதல்ல வேணாம்னுதான் வச்சிருந்தேன். அப்புறம் அனிதாம்மா போன் பண்ணி, நோட்டீஸ்ல கொதிக்க வைக்கச் சொல்லிருக்காங்கன்னாங்க. நாத்தம் போகலையேன்னு இன்னொரு வாட்டி கொதிக்க வச்சேன்."

"அப்பவும் நாத்தம் போகலைதானே? பின்ன எப்படிக் கலக்கின?"

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையும் பவித்ராவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுதிப் போட்டவங்க பாத்துதானே மா போட்ருப்பாங்க?" என்றாள்.